தலோட்டு நாராயணரின் தங்கை

துரோம்திக்குப் பொறாமை வந்தால் முதலில் சிவப்பது மூக்கு நுனிதான். சிவராத்திரி சமயத்துப் பியாஸ் ஆற்றுக் காற்று எங்கள் மலையடிவாரத்து மண்டி ஊரில் எல்லார் மூக்கையும் சிவக்க வைத்துவிடும் என்பதால் வெளியாட்களுக்கு வித்தியாசம் தெரியாது. கணவர் தேவிரூப்புக்குத் தெரியும். மூக்கைப் பார்த்ததுமே மனுஷன் செருப்பை மாட்டிக்கொண்டு பூதநாதர் கோயில் பக்கம் நடையைக் கட்டிவிடுவார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான்.

அந்த வருஷம் மூக்கு சிவந்தது ஒரு கதவைப் பார்த்து. சௌஹட்டா கடைத்தெருவிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் சந்தில் அவர்கள் வீடு. கீழே குங்குமம், மணி, தூபக்கால் விற்கும் கடை, மேலே குடித்தனம். அண்ணன் தேவிரூப், தம்பி கேம்சந்த், இருவர் மனைவிமார், ஒரே அடுப்பு என்று காலம் ஓடிக்கொண்டிருந்த வீட்டை ஐப்பசியில் குறுக்கே பலகை அடித்து இரண்டாக்கினார்கள். கடைக்கும் நடுவில் பலகை. தம்பி பங்குக்கு வாசல் இல்லாமல் போகவே, ஆற்றைப் பார்த்த பக்கத்தில் புதுப் படிக்கட்டு கட்டி, புதுக்கதவு வைத்து, அதற்குக் கிளிப்பச்சை வண்ணம் பூசி, பித்தளை வளையமும் மாட்டினாள் கேம்சந்தின் மனைவி ரேஷ்மு. "கண்ணைக் குத்துது" என்றாள் துரோம்தி. குத்தியது வண்ணம் அல்ல.

சொத்துத் தகராறில் வீடு பிரிந்தது என்று தெருவில் சொல்வார்கள். சொத்து ஒன்றும் இல்லை, எல்லாம் உளுந்துதான். அதைச் சொல்வதற்கு முன் சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

துரோம்தி பிறந்தது மலைக்கு மேலே தலோட் கிராமத்தில். கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. கல்யாணத்தில் அக்கினிக்கு முன்னால் பெண்ணின் கையில் நெற்பொரியைப் போடுவது அண்ணன் தம்பியின் வேலை. அந்த நேரம் வந்தபோது பொரித்தட்டு அப்படியே கிடந்தது. பெரியப்பா பிள்ளை ஒருவன் போடுகிறேன் என்று வந்தான். அவன் அம்மா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். பொரி போட்டவன் காலமெல்லாம் சீர் செய்ய வேண்டும் அல்லவா? துரோம்தியின் அப்பா எழுந்து நேரே ஊர்க்கோயிலுக்குப் போனார். திரும்பி வரும்போது அவருக்குப் பின்னால் தலோட்டு நாராயணரின் பல்லக்கு வந்தது, மேளமும் கொம்பும் முழங்க. வெள்ளி முகங்களும் சிவப்புப் பட்டுமாக அது மணப்பந்தலில் நின்று ஆட, சாமியாடி பொரியை அள்ளித் துரோம்தியின் கையில் போட்டார். "இன்னையிலிருந்து உனக்கு அண்ணன் இவருதான்மா" என்றார் அப்பா. சட்டையைப் பிடித்து இழுத்த பெரியம்மாவின் முகம் போன போக்கைத் துரோம்தி இன்றும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவாள்.

அண்ணன் என்றால் பேச்சுக்கு இல்லை. வருஷா வருஷம் சிவராத்திரிக்கு மலைச்சாமிகள் எல்லாம் தோளேறி மண்டிக்கு வரும். மண்டியின் தலைமைச் சாமியான மாதவராயரைப் பார்த்து வணங்கிவிட்டு, திருவிழா முடியும் வரை ஊரில் தங்கும். தங்கும் நாட்களில் தன் கிராமத்துப் பெண்களைக் கட்டிக்கொடுத்த வீடுகளுக்குச் சாப்பிடப் போகும். பெண் தலையில் முக்காட்டோடு, கையில் தூபத்தோடு வாசலில் நிற்பாள். பல்லக்கு ஆடிக்கொண்டே வந்து, குனிந்து, அவள் உச்சந்தலையைத் தொடும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு தொடலுக்காகத் துரோம்தி வருஷம் முழுக்கக் காத்திருப்பாள். அன்றைக்கு மட்டும் அவள் அண்ணன் உள்ளவள். பட்டுக் குஞ்சம் நெற்றியில் உரசும்போது ஓவென்று அழுதுவிடுவாள். பார்க்கிறவர்கள் பக்தி என்பார்கள்.

இனி ரேஷ்முவின் கதை. அவளும் தலோட்டுக்காரிதான். அவளை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே துரோம்திதான். பேச்சுத்துணைக்கு ஊர்ப்பெண் ஒருத்தி இருந்தால் நன்றாயிருக்கும் என்று கொழுந்தனுக்குக் கேட்டு முடித்தாள். தன் கண்ணில் தானே மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டது அப்போது தெரியவில்லை. ரேஷ்முவுக்கு நான்கு அண்ணன்மார். நான்கு பேரும் தேவதாரு மரம் மாதிரி ஆட்கள், நான்கு பேருமே சாமிப் பல்லக்குத் தூக்கிகள்.

தீபாவளி முடிந்து சகோதரர்கள் வரும் நாளில் அவர்கள் வால்நட்டும் ராஜ்மாவும் நெய்யும் சுமந்து வந்து இறக்குவார்கள். ரேஷ்மு எல்லாவற்றிலும் பாதி பிரித்துத் துரோம்திக்குக் கொடுப்பாள். அதைத்தான் துரோம்தியால் தாங்க முடியாது. இன்னொருத்தி அண்ணன் கொண்டுவந்த வால்நட்டு! உடைத்துப் பார்த்து, "பாதி சொத்தை" என்பாள். சொத்தை இருக்காது. தேவிரூப் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே, "ஆமாம், ரொம்பச் சொத்தை" என்பார்.

ரேஷ்முவுக்கு முனீஷ் பிறந்தான். துரோம்திக்குப் பிள்ளை இல்லை. அதற்காக அவள் ஒருநாளும் வாய்விட்டுப் புலம்பியதில்லை. முனீஷுக்குச் சோறு ஊட்டியதும் சளி பிடித்தால் கடுகெண்ணெய் தேய்த்ததும் அவள்தான். "என் பெரியம்மா சோறுதான் வேணும்" என்று அவன் தட்டைத் தள்ளும்போது ரேஷ்முவின் முகம் சுண்டுவதைப் பார்க்கத் துரோம்திக்குக் கண்கொள்ளாது. பையன் வளர்ந்து சண்டிகரில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பஞ்சாபிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். ரேஷ்மு அழுதாள். துரோம்தி ஆறுதல் சொன்னாள். எவ்வளவு நன்றாகச் சொன்னாளென்றால், ரேஷ்மு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

இத்தனைக்கும் வீடு ஒன்றாகத்தான் இருந்தது. மூத்தவள் என்பதால் வாசலில் தூபம் பிடித்து நிற்பது துரோம்தி, பின்னால் நிற்பது ரேஷ்மு. பல்லக்கு முதலில் துரோம்தி தலையைத் தொட்டு, பிறகு போனால் போகிறதென்று ரேஷ்முவையும் தொடும். கதவு வருவதற்கு முந்தின சிவராத்திரியில் விபரீதம் நடந்தது. சாமியோடு வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி முதலில் இனிப்பு பூந்தி, அப்புறம் கீரைக் குழம்பில் ஊறிய வடி, அதாவது உளுந்தை அரைத்து வேகவைத்துப் பொரித்த துண்டு. சாமியின் காரியஸ்தர் டோலே ராம் ஒரு துண்டை வாயில் போட்டார், கண்ணை மூடினார். "யாரு செஞ்சது இது? நாராயணரே இன்னொரு தரம் கேப்பாரு போலிருக்கே" என்றார். செய்தது ரேஷ்மு. மறுநாளே மொட்டை மாடியில் உளுந்து காயவைக்க யாருக்கு எந்தப் பக்கம் என்று பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சு வளர்ந்து வளர்ந்து ஐப்பசியில் பலகைச் சுவரில் வந்து நின்றது. அண்ணனும் தம்பியும் சேர்ந்தே ஆணி அடித்தார்கள். பீடியும் ஒன்றாகத்தான் பிடித்தார்கள்.

சிவராத்திரி நெருங்கியது. ஏற்பாடுகளைப் பார்க்க முன்னதாகவே மலையிறங்கி வந்த டோலே ராம், துரோம்தியின் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். ஊர்ப்பெண்கள் எல்லாரும் அவருக்குத் தங்கச்சிகள்.

"தங்கச்சி, ஒரு குடும்பத்துல சாமிக்கு ஒரு சாப்பாடுதான். அது பழைய கட்டு, மாத்த முடியாது. இப்ப நீங்க ரெண்டு அடுப்பு. எந்த வாசல்னு நான் சொல்றதுக்கில்ல."

"நான் மூத்தவ இல்லையாண்ணா?"

"மூத்தவதான். அவளும் நம்ம ஊருப் பொண்ணுதானே?"

"அப்ப யாரு சொல்லுவா?"

"சாமியே சொல்லுவாரு. சந்து முனையில பல்லக்கு நிக்கும். எந்தப் பக்கம் சாயுதோ அந்த வாசல்."

"பல்லக்கை யாரு தூக்குறா?"

டோலே ராம் தேநீர்க் கிளாசுக்குள் எதையோ தேடினார். "யாரு தூக்குனா என்ன? தோளுதான் அவங்களுது. சாயறது அவரு."

"முன்னால ரேஷ்முவோட பெரியண்ணன், பின்னால ரெண்டாவது அண்ணன். மாத்திக்க மூணாவதும் நாலாவதும். நல்லாத்தான் சாய்வாரு!"

"சாமி காரியத்துல இப்படிப் பேசாதே. வாய் வெந்துடும்."

வாய் வெந்ததோ இல்லையோ, வயிறு எரிந்தது. அவளுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், எனக்கு இருப்பது ஒருத்தர், அவரையும் பிடுங்கப் பார்க்கிறாளே என்று துரோம்திக்கு நெஞ்சு கொதித்தது. சாமி இந்த ஒரு தரம் பச்சைக் கதவுக்குள் போய்விட்டால் அதுவே வழக்கமாகிவிடும். அப்புறம் இந்த வாசலில் யார் வந்து அவள் தலையைத் தொடப் போகிறார்கள்? கூரியர் பையன்தான்.

இருந்தாலும் சும்மா இருக்கிறவளா அவள்? விருந்துக்கு ஏற்பாடு செய்தாள். வாசலில் சாமந்தித் தோரணம், புது வெண்கல தூபக்கால், பெரிய அண்டா. பலகைக்கு அந்தப் பக்கமும் அண்டா உருளும் சத்தம் கேட்டது. இவள் நெய் காய்ச்சினால் அவளும் காய்ச்சினாள். கேம்சந்தும் தேவிரூப்பும் கடையில் பலகையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, "உங்க வீட்டுல என்ன வாசனை?" "உங்க வீட்டு வாசனைதான்" என்று பேசிக்கொண்டார்கள்.

சாமி வருவதற்கு முதல் நாள் காலை. துரோம்தி உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் பூனை கத்துவது போல் கேட்டது. கையை நிறுத்தினாள். பூனை இல்லை, குழந்தை. பச்சைக் குழந்தையின் அழுகை. கூடவே கைப்பேசியில் முனீஷின் குரல்.

"பாரும்மா, உன்ன மாதிரியே வாயத் தொறந்தா மூட மாட்டேங்கறான்."

"டேய், மெதுவாப் பேசுடா! பலகைதான் சுவரு. அந்தப் பக்கம் காது காத்துக்கிட்டு இருக்கு." ரேஷ்முவின் குரல் கொஞ்சலில் குழைந்தது. "என் கண்ணு, என் ராஜா, மூக்கப் பாரு..."

"நேத்துச் சாயங்காலம் பொறந்ததும் பெரியம்மாவுக்குத்தான் போன் பண்ணலாம்னு எடுத்தேன். நீ வேணாங்கறியே."

"அவகிட்டயா? ஊரெல்லாம் டமாரம் அடிச்ச மாதிரி ஆயிடும். தீட்டுன்னு தெரிஞ்சா சாமி வாசப்படி மிதிக்க மாட்டாரு. நாளைக்கு ஒருநாள் போகட்டும்டா. சாமி வந்து சாப்பிட்டுப் போனப்புறம் நானே எல்லாருக்கும் பூந்தி குடுத்துச் சொல்றேன்."

துரோம்தி மாவுக் கையோடு அப்படியே நின்றாள். முதலில் வந்தது கோபம் இல்லை, பொறாமை. நான்கு அண்ணன், ஒரு மகன், இப்போது பேரன் வேறு. எல்லாம் அந்தப் பலகைக்கு அந்தப் பக்கமே போய்க் குவிகிறதே! நான் சோறூட்டிய பையனுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, அதை நான் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முனீஷ் சொல்கிறேன் என்கிறான், இவள் வேண்டாம் என்கிறாள். இந்த எரிச்சலுக்கு நடுவில்தான் தீட்டு என்ற சொல் அவள் மண்டைக்குள் இறங்கியது. பிள்ளை பிறந்த வீட்டில் பத்து நாள் சாமி காலெடுத்து வைக்காது. பச்சைக் கதவு அடைத்தது அடைத்ததுதான். நான்கு அண்ணன்மாரும் தலைகீழாக நின்றாலும் பல்லக்கு அந்தப் பக்கம் சாய முடியாது!

கையைக் கழுவினாள். நல்ல கம்பளிச் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டி, பெரிய முக்காடு போட்டாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் தேவிரூப், மூக்கைப் பார்த்தபடி.

"என் அண்ணனைப் பாக்க."

தெருவெங்கும் சாமிகள். பல்லக்குகள் ஒன்றையொன்று நலம் விசாரித்துக் குனிந்தன. கொம்புச் சத்தம் காதைப் பிளந்தது. புகைப்படம் எடுக்கிற கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு, தலோட்டு நாராயணர் தங்கியிருந்த சத்திரத்து வராந்தாவுக்குப் போய்ச் சேர்ந்தாள் துரோம்தி. பல்லக்கு ஓரமாக இறக்கி வைக்கப்பட்டிருந்தது. சாமியாடி சடையை அவிழ்த்துப் போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ரேஷ்முவின் அண்ணன்மார் நல்லவேளையாகக் குளிக்க ஆற்றுக்குப் போயிருந்தார்கள். அவள் நேரே பல்லக்கின் அருகே போய், பட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் டோலே ராமிடம் திரும்பினாள்.

"அண்ணா, எனக்கு ஒண்ணும் இல்ல. சாமிக்கு ஒரு குறை வந்துடக் கூடாதேன்னுதான் வந்தேன்."

"சொல்லு."

"மறைச்சு வெச்சிருக்கா. சொல்லவே எனக்கு நாக்குக் கூசுது."

"கூசுனது போதும், சொல்லு."

"முனீஷுக்குச் சண்டிகர்ல பிள்ளை பொறந்திருக்கு. தீட்டு வீட்டுக்குச் சாமிய அழைக்கப் பாக்கறா."

டோலே ராம் பீடியைக் கீழே போட்டார். "எப்பப் பொறந்துச்சு?"

"நேத்துச் சாயங்காலம்."

"ஆம்பளப் பிள்ளையா?"

"ஆம்பளப் பிள்ளைதான்."

"முனீஷ் யாரு மகன்?"

"என்னண்ணா தெரியாத மாதிரி? கேம்சந்த் மகன்."

"கேம்சந்த் யாரு?"

"என் கொழுந்தன்."

"கொழுந்தன்னா?"

"என் வீட்டுக்காரரோட தம்..." துரோம்தியின் வாய் பாதியில் நின்றது.

பங்காளித் தீட்டு. பத்து வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த கணக்கு. யார் வீட்டில் பிறப்பு, யார் வீட்டில் இறப்பு, எந்தப் பங்காளி எந்தக் கோயிலுக்கு எத்தனை நாள் போகக் கூடாது என்று தெருவுக்கே சொல்கிறவள் அவள். ஆனால் ஐப்பசியில் பலகை அடித்த நாள் முதல், அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் தன்னைச் சேர்ந்தவர்கள் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

"அடுப்பு ரெண்டாச்சு" என்றார் டோலே ராம். "கோத்திரமும் ரெண்டாச்சா தங்கச்சி?"

"பிள்ளை பொறந்தது சண்டிகர்லண்ணா..."

"லண்டன்ல பொறந்தாலும் அதே ரத்தம்தான். தீட்டு அவளுக்கு எவ்வளவோ அவ்வளவு உனக்கும். வாழ்த்துக்கள், உனக்குப் பேரன் பொறந்திருக்கான்."

சாமியாடிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. சடை பறக்கத் துள்ளி எழுந்தார். "நகரு! தீட்டோடயா பல்லக்கைத் தொட்டே? நகரு அங்கிட்டு!" இரண்டு ஆட்கள் கையை நீட்டி அவளை வெளியே விரட்டினார்கள்; தொடாமல், ஆட்டைப் பட்டியிலிருந்து ஓட்டுவது போல. அவள் நின்ற இடத்தில் கோமியம் தெளித்தார்கள். பட்டுத் துணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு ஒருவன் ஆற்றுக்கு ஓடினான். படியிறங்கும்போது கூட்டத்தில் ஒரு பெண், "பாவம், என்ன தப்பு செஞ்சாங்களோ" என்று இரக்கப்பட்டாள். அவளை அடித்துவிடலாம் போலிருந்தது துரோம்திக்கு.

மறுநாள் சாமி வந்தது. மேளச் சத்தம் சௌஹட்டாவில் கேட்கும்போதே துரோம்தி தன் வாசலுக்கு உள்ளே தள்ளி நின்றாள். தூபம் இல்லை, தோரணத்தைக் கழற்றியாகிவிட்டது. ஆற்றுப்பக்கக் கதவில் ரேஷ்மு நிற்பதும் தெரிந்தது. சந்து முனையில் பல்லக்கு வந்தது. ரேஷ்முவின் பெரியண்ணன் முன்தண்டில் இருந்தான், தலையைத் திருப்பவில்லை. பல்லக்கு ஒரு நொடி தயங்கியது என்று சிலர் பிற்பாடு சொன்னார்கள். ஆறுதலுக்குச் சொன்னது அது. நிற்கவே இல்லை. ஆடாமல் சாயாமல் ஏதோ வேறு ஊர்ச் சாமி மாதிரி நேரே போய்விட்டது. மேளம் பாலத்துப் பக்கம் தேய்ந்து மறைந்தது.

துரோம்தி வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இந்த வருஷம் பக்தி என்று சொல்ல யாரும் இல்லை. இருக்கிற ஒரே அண்ணனைத் தன் வாயாலேயே துரத்திவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

படியேறி ரேஷ்மு வந்தாள். பலகை அடித்த பிறகு இந்த வாசலில் அவள் காலடி படுவது இதுதான் முதல் தடவை.

"நீதானே போய்ச் சொன்னே?"

"ஆமாம், நான்தான் சொன்னேன். நீ சாமிகிட்டயே மறைச்சியே, அது மட்டும் நல்லா இருக்கா?"

"ஒருநாள், ஒரே ஒருநாள் மறைச்சேன். உனக்கு எரிஞ்சுது!"

"எரியாம? உனக்கு நாலு பேரு இருக்காங்க. எனக்கு இருந்தது ஒருத்தரு. அவரு மேலயும் உனக்கு ஏன்டி கண்ணு?"

"நாலு பேரு!" ரேஷ்மு கையைத் தட்டிச் சிரித்தாள், சிரிப்பில் ஈரமில்லை. "அந்த நாலு பேரும் வந்தா தின்னுவானுங்க, தூங்குவானுங்க, பஸ்ஸுக்குக் காசு கேப்பானுங்க. எவனாவது ஒருத்தன் என் தலையத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணியிருக்கானா? நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து வாசல்ல நீ முன்னாடி, நான் உன் முதுகுக்குப் பின்னாடி. சாமி உன் தலைமேல குனியறப்ப எல்லாம் நான் உன் கொண்டையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் என் தலைய முதல்ல தொடட்டுமேன்னு நெனச்சேன். அதுக்குத்தான்டி கதவே வெச்சேன்!"

துரோம்தி மூக்கைச் சிந்தினாள். தன்னைப் பார்த்து ஒருத்திக்குப் பொறாமை வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் இவளுக்கு, இத்தனை வருஷமாக. கேட்பதற்குக் கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கேம்சந்தும் தேவிரூப்பும் மெல்ல வந்து எட்டிப் பார்த்தார்கள். சத்தம் அடங்கிவிட்டதா, தலை தப்புமா என்று பார்ப்பது போல.

"அண்டாவுல இருக்கறத என்ன பண்றது?" என்றார் தேவிரூப்.

அதுதான் அடுத்த சங்கடம். இந்தப் பக்கம் ஓர் அண்டா, அந்தப் பக்கம் ஓர் அண்டா. சாமியோடு வரும் ஊரே சாப்பிட இருந்த சாப்பாடு. தீட்டு வீட்டில் வெளியாள் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் கொடுக்க முடியாது, கோயிலுக்குக் கொண்டுபோக முடியாது. அதே தீட்டு உள்ளவர்கள் மட்டும்தான் கைநனைக்கலாம். இந்த மண்டி ஊரிலேயே அப்படிப்பட்டவர்கள் நான்கு பேர், நான்கு பேரும் அந்த வாசலில்தான் இருந்தார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். துரோம்தி முதலில் பூந்தி வைத்தாள், பிறகு கீரைக்குழம்பில் ஊறிய வடி. ரேஷ்மு ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள்.

"உப்புப் பத்தல."

"உன் வாய்க்குப் பத்தாது."

"வெந்தயம் போட்டியா?"

"நீ போடுவியா?"

"சொல்ல மாட்டேன்."

ஆண்கள் இருவரும் தலையைத் தூக்காமல் தின்றார்கள். அப்போது ரேஷ்முவின் மடியில் கைப்பேசி அடித்தது. படத்தில் முனீஷ். அவள் எழுந்து போகப் பார்த்தாள். பழக்கதோஷம், பலகைக்கு அந்தப் பக்கம் போய்ப் பேச.

"எங்க போற?" என்றாள் துரோம்தி.

"பேசிட்டு வரேன்."

"உக்காரு. போனைக் குடு."

"எதுக்கு?"

"தீட்டுல எனக்குச் சரிபாதின்னு சாமியே சொல்லிட்டாரு. பேரன்லயும் எனக்குச் சரிபாதிதான். குடு இப்படி!"

ரேஷ்மு கொடுக்கவில்லை, துரோம்தி வாங்கிக்கொண்டாள். திரையில் துணிச்சுருளுக்குள் சிவந்து சுருங்கிய முகம் ஒன்று வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது. "பெரியம்மா!" என்று முனீஷ் கூவினான். துரோம்தி அவனைப் பார்க்கவே இல்லை. குழந்தையைத்தான் பார்த்தாள். முனீஷுக்கு எண்ணெய் தேய்க்கும்போது பாடும் பழைய தாலாட்டை, கடுகெண்ணெயும் கையும் எட்டாத தூரத்தில் இருந்துகொண்டே, அடித்தொண்டையில் முனக ஆரம்பித்தாள். குழந்தை கத்துவதை நிறுத்தியது. பிறந்த பிள்ளைக்கு என்ன தெரியும், மூச்சு வாங்க நிறுத்தியிருக்கும். ஆனால் நிறுத்திவிட்டது.

"எங்கிட்ட காலையிலருந்து கத்திக்கிட்டே இருந்தான்" என்றாள் ரேஷ்மு. அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. "போதும்க்கா. குடு."

துரோம்தி முக்காட்டை இழுத்துக் கைப்பேசியையும் சேர்த்து மூடிக்கொண்டு, திரும்பி உட்கார்ந்து பாடிக்கொண்டே இருந்தாள்.